மஃரிபுக்குப் பிறகு உள்ள மூன்று மணித்தியாலம்



தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கொடுக்கப் பெற்றோரைக் கூப்பிடும் நாட்களில், தரம் 10, 11 வகுப்புகளில் நாங்கள் கேட்கும் முறைப்பாடு இப்போது பெரும்பாலும் ஒன்றுதான். "சேர், புள்ள புத்தகத்தோடதான் இருக்கான். ஆனா மனசு புத்தகத்தில இல்ல." சில உம்மாமார் இன்னும் ஒரு படி மேலே போய், "போனையும் வாங்கி அலுமாரிக்குள்ள வெச்சிப் பூட்டிட்டன் சேர், அப்பவும் மார்க்ஸ் ஏறல்ல" என்கிறார்கள். அந்த உம்மாமார் பொய் சொல்லவில்லை. பிள்ளையும் ஏமாற்றவில்லை. அவன் உண்மையாகவே மேசையில்தான் இருந்தான்.

அப்படியென்றால் அந்த நேரம் எங்கே போகிறது?

நமதூரில் இந்தப் பேச்சு எடுபட்டால் எல்லோரும் போனைத்தான் காட்டுவார்கள். போனுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதற்கும் வருவோம். ஆனால் வகுப்பறையில் இருந்து பார்க்கும் எங்களுக்குத் தெரிவது இன்னொன்று. பிள்ளையின் நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டுவது பெரும்பாலும் பெரியவர்களாகிய நாம்தான். வீட்டில் கொஞ்சம் வெட்டுகிறோம், ஊராகச் சேர்ந்து மிச்சத்தை வெட்டுகிறோம். பிறகு பிள்ளைக்குக் கவனமில்லை என்று ஏசுகிறோம்.

ஒரு நாளைக் கணக்குப் பாருங்கள். சுபஹுக்கு எழும்பும் பிள்ளை 7.30க்குப் பாடசாலையில் நிற்க வேண்டும். 1.30 வரை பாடங்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, தொழுது, சற்றுச் சாய்ந்தால் மூன்று மணிக்கு டியூஷன் கிளாஸ். அது முடிந்தால் அஸருக்குப் பிறகு கொஞ்சம் பந்து, கொஞ்சம் கடற்கரை. மஃரிப் தொழுதுவிட்டு 6.45க்கு மேசையில் உட்கார்ந்தால் 9.45 வரைக்கும் மூன்று மணித்தியாலம் இருக்கிறது. இஷாவையும் இராச் சாப்பாட்டையும் கழித்தால் இரண்டேகால், இரண்டரை. ஒரு பிள்ளை தானாகப் படிப்பதற்கு, கேட்டதைத் திரும்ப யோசித்துப் பார்ப்பதற்கு, ஒரு நாளில் கிடைக்கும் முழு நேரம் இவ்வளவுதான். பாடசாலையில் கேட்டதும் டியூஷனில் எழுதிக்கொண்டு வந்ததும் இந்த நேரத்தில்தான் படிப்பாக மாற வேண்டும். மாறாவிட்டால் அது கொப்பியில் இருக்கும், தலையில் இருக்காது.

இந்த விஷயத்தில் அல்லாஹ் நமக்குத் தந்திருக்கும் வசதியையும் சொல்ல வேண்டும். லண்டனில் இருக்கும் நமதூர்ப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே டிசம்பரில் நாலு மணிக்கு முன்னமே மஃரிப், ஜூனில் ஒன்பது மணிக்கும் பிறகு. வீட்டின் ஒழுங்கை வருடம் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நமக்கு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ முக்கால் மணித்தியாலத்துக்குள்தான் சூரியன் மறையும் நேரம் மாறுகிறது. அதாவது நம் வீடுகளுக்கு மேல் ஒரு மணி தொங்குகிறது, ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துக்கு அடிக்கிறது. அதன் பிறகு வரும் மூன்று மணித்தியாலத்தை நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஏதாவது ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீடாகவும் இருக்கலாம். பிள்ளை 6.50க்குக் கேத்திரகணிதத்தைத் திறக்கிறான். ஏழு மணிக்கு உம்மா, "மகன், கடைக்கிப் போய் ஒரு றாத்தல் பாண் எடுத்துட்டு வாங்க." சைக்கிளில் போய் வர பத்து நிமிடம். வந்து உட்கார்ந்தால் சாச்சி வீட்டார் வந்திருக்கிறார்கள், வந்து ஸலாம் சொல்ல வேண்டும், கதிரை போட வேண்டும். மகள் என்றால் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். அதற்குள் இஷா பாங்கு. பள்ளிக்குப் போய்த் திரும்பும் வழியில் சந்தியில் கூட்டாளிமார். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு. 8.30க்குக் கத்தாரில் இருந்து வாப்பாவின் கோல். ஒன்பதுக்கு ராத்தா, "தம்பி, எண்ட போனுக்கு ரீலோட் ஒண்டு போட்டுட்டு வா." 9.15க்கு அவன் மறுபடி அந்தக் கேத்திரகணிதத்தின் முன்னால் இருக்கிறான். அதே படம், அதே வட்டம், அதே நாற்பக்கல். முதலில் இருந்து யோசிக்க வேண்டும். கொட்டாவி வருகிறது.

இதில் எந்த ஒன்றும் பெரிய குற்றமில்லை. பாண் வேண்டும்தானே. சாச்சிக்கு மரியாதை செய்யத்தானே வேண்டும். ஒவ்வொன்றும் பத்து நிமிட வேலை என்று நாம் நினைக்கிறோம். நாம் கணக்கில் எடுக்காதது, அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு பிள்ளை விட்ட இடத்துக்குத் திரும்பிப் போக எடுக்கும் நேரத்தை. ஒரு நிறுவலை யோசிக்கும் பிள்ளை நாலைந்து விடயங்களை ஒரே நேரத்தில் மனதில் பிடித்துக்கொண்டிருக்கிறான். இந்தக் கோணமும் அந்தக் கோணமும் சமன், ஆகவே இந்த இரண்டு கோடும் சமாந்தரம் என்று ஒரு சங்கிலி ஓடிக்கொண்டிருக்கிறது. கூப்பிட்டவுடன் அந்தச் சங்கிலி அறுந்து விழுகிறது. பாணோடு திரும்பி வரும்போது அது அதே இடத்தில் காத்திருக்காது.

சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைப் பற்றித்தான் பேசியது. ஒரு வேலையை முடிக்காமல் விட்டு இன்னொன்றுக்குப் போனால், மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அதனால் புதிய வேலையும் மட்டமாகத்தான் நடக்கிறது என்பது அதன் சாரம். பெரியவர்களுக்கே இந்த நிலை என்றால், பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு இரவில் ஆறு தடவை எழும்பி உட்கார்ந்தால் என்ன மிஞ்சும்?

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். சாதாரண தரக் கணிதம் இரண்டாம் வினாத்தாள் மூன்று மணித்தியாலம். அதற்கு முன்னால் வாசிப்பதற்கென்று பத்து நிமிடம் தருகிறார்கள். அந்த மூன்று மணித்தியாலமும் யாரும் கூப்பிட மாட்டார்கள், எழும்பவும் விட மாட்டார்கள். வீட்டில் வருடக்கணக்காக இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே இருப்பில் இருந்து பழகாத பிள்ளை, பரீட்சை மண்டபத்தில் திடீரென்று மூன்று மணித்தியாலம் இருப்பானா? மேற்பார்வைக்குப் போகும் நேரங்களில் நாங்கள் இதைக் கண்ணால் காண்கிறோம். முக்கால் மணித்தியாலம் போனதும் பேனையை வைத்துவிட்டு யன்னலைப் பார்க்கத் தொடங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விடை தெரியாத பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். சிலருக்குத் தெரியும். இருந்து பழக்கமில்லை.

கத்தார்க் கோலைப் பற்றிச் சொன்னோம். அதைப் படித்துவிட்டு வெளிநாட்டில் இருக்கும் எந்த வாப்பாவும் மனம் நோகக் கூடாது. இந்தக் கரையோர ஊர்களில், கல்முனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும், ஒரு வகுப்பில் வாப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணினால் ஒரு கை விரல்கள் போதாது. அந்தப் பிள்ளைகளுக்கு வாப்பாவின் முகம் தெரிவது அந்தச் சின்னக் கண்ணாடித் திரையில்தான். அதை வீண் நேரம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நாங்கள் கேட்பதெல்லாம் மணிக்கூட்டைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்பதே. கத்தாருக்கும் சவூதிக்கும் நமக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். அங்கே வேலை முடிந்து ஆறு மணிக்கு அறைக்கு வந்து முகம் கழுவி நீங்கள் கோல் எடுக்கும்போது இங்கே 8.30. படிப்பின் நடு மையம். நீங்கள் சாப்பிட்டு முடித்து ஏழேகாலுக்கு எடுத்தால் இங்கே 9.45, பிள்ளை கொப்பியை மூடியிருப்பான். நிம்மதியாகப் பேசலாம். இன்று என்ன படித்தாய் என்று கேட்டால் சொல்வதற்கு அவனிடம் ஏதாவது இருக்கும்.

இன்னும் ஒன்று. கோல் வரும் நேரம் தெரியாதபோது பிள்ளை கோலுக்காகக் காத்திருக்கிறான். அரை மணித்தியாலம் பேசுகிறான், ஆனால் ஒரு மணித்தியாலம் எதிர்பார்க்கிறான். "வாப்பா இப்ப எடுப்பார்" என்று போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறான். போன் பக்கத்தில் இருந்தால் மற்ற எல்லாமும் பக்கத்தில் இருக்கிறது. நேரத்தைத் தீர்மானித்துவிட்டால் காத்திருப்பும் இல்லை, போனும் மேசையில் தேவையில்லை.

இப்போது போனுக்கே வருவோம். இந்தப் போன் பிள்ளையின் கைக்கு எப்படி வந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியபோது, கடன்பட்டாவது போன் வாங்கிக் கொடுங்கள் என்று பெற்றோரிடம் சொன்னது கல்வி உலகம்தான். சூம், வட்ஸ்அப் என்று வகுப்புகள் ஓடின. 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடி மூடினோம், மறுபடி போன். இன்று சாதாரண தரம் எழுதப் போகும் பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஆரம்ப வகுப்புகளில் இருந்தவர்கள். ஓரிடத்தில் இருந்து படித்துப் பழக வேண்டிய வயதில் அவர்களுக்குக் கிடைத்தது அந்தத் திரைதான். பாடசாலை திறந்தது, போன் திரும்பிப் போகவில்லை. ஆகவே பிள்ளைகள் கெட்டுப் போய்விட்டார்கள் என்று மட்டும் பேசுவது நியாயமில்லை. கொடுத்தது நாம், வாங்கி வைக்க மறந்ததும் நாம்.

இப்போதும் பிள்ளை கையில் போனோடு இருக்கும்போது கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "சேர் குரூப்பில நோட்ஸ் போட்டிருக்கார்." உண்மைதான், போட்டிருப்பார். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கும் டியூஷன் ஆசிரியர்களுக்கும் நாங்கள் வைக்கும் வேண்டுகோள் இது. வீட்டுவேலையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவோம், பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டு போகட்டும். குரூப்பில் போட்டே ஆக வேண்டும் என்றால் மஃரிபுக்கு முன்னால் போடுவோம், உம்மாவோ வாப்பாவோ பார்த்துச் சொல்லட்டும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு நோட்ஸ் போட்டால் அறுபது வீட்டில் அறுபது போன் படிப்பு மேசைக்கு வருகிறது. நோட்ஸைப் பார்க்க இரண்டு நிமிடம். அதற்குப் பிறகு டிக்டொக் என்ன செய்யும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் அந்த முறையை 2006இல் உருவாக்கியவர் என்று சொல்லப்படும் அஸா ராஸ்கின், பிற்காலத்தில் அதற்காகப் பகிரங்கமாகவே வருத்தப்பட்டவர். பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு, தொலைக்காட்சி நாடகத்துக்குக்கூட "தொடரும்" உண்டு. இதற்கு ஒன்றுமில்லை. நிறுத்த வேண்டியது பார்க்கிறவர். படித்துப் பெரிய வேலை பார்க்கும் பெரியவர்களாலேயே நிறுத்த முடியவில்லை, பதினைந்து வயதிடம் கட்டுப்பாட்டை எதிர்பார்க்கிறோம்.

டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றில், போனைச் சத்தமில்லாமல் ஆக்கி மேசையில் வைத்தவர்களை விட, அடுத்த அறையில் வைத்தவர்கள் யோசனை வேலைகளை நன்றாகச் செய்தார்கள். பின்னர் நடந்த எல்லா ஆய்விலும் அதே பெறுபேறு வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் வீட்டில் செய்து பார்ப்பதற்குச் செலவில்லாத காரியம் இது. பிள்ளையின் போன் மட்டுமல்ல, அந்த அறையில் இருக்கும் பெரியவரின் போனும் வெளியே போக வேண்டும். வாப்பா சாய்மனைக் கதிரையில் சாய்ந்து வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டு, "படிடா" என்று சொல்வதில் பலனில்லை. பிள்ளையின் காது பாடத்தில் இருக்காது, வாப்பாவின் சிரிப்பில் இருக்கும்.

குரூப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வட்ஸ்அப் குரூப்பில் 1024 பேர் வரை இருக்கலாம். மஹல்லா குரூப், குடும்ப குரூப், பழைய மாணவர் குரூப், விளையாட்டுக் கழக குரூப் என்று ஒருவரே ஆறேழில் இருக்கிறார். ஊரில் ஒரு மௌத் அறிவித்தல் வந்தால் அதன் கீழே இருநூறு பேர் ஒரே துஆவை எழுதுகிறார்கள். இருநூறு தடவை எல்லோருடைய போனும் சத்தம் போடுகிறது. பலர் அதை வெட்டி ஒட்டித்தான் போடுகிறார்கள், மனதால் ஓதினார்களா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அட்மின்மார் மட்டும் எழுதக்கூடியதாக மாற்றும் வசதி அதிலேயே இருக்கிறது. ஜனாஸா அறிவித்தல் குரூப்பை அப்படி மாற்றினால் மௌத்தானவருக்கு ஒரு குறையும் வராது. துஆவை ஓதிவிட்டு ஜனாஸாவுக்கு வாருங்கள், அதுதான் அந்தக் குடும்பத்துக்கு வேண்டியது.

மௌத்து வீட்டுக்குப் போவது, நோயாளியைப் பார்ப்பது, பிள்ளைகள் பந்தடிப்பது, வேலையால் வந்த மனிதர் அரை மணித்தியாலம் சாய்ந்து கிடப்பது, இவை எதையும் நாங்கள் வீண் என்று சொல்லவில்லை. சிலர் நேரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மனிதன் சிரிக்கவே கூடாது என்கிற மாதிரிப் பேசுவார்கள். நாங்கள் வீண் என்று சொல்வது, வேலையும் நடக்காமல், உடம்பும் ஓய்வெடுக்காமல், யாரோடும் மனம்விட்டுப் பேசவும் இல்லாமல் போகும் நேரத்தை. அந்த மாதிரி நேரத்தில் பெரும்பங்கு நமதூரில் காத்திருப்பில் போகிறது.

பாடசாலை விழாவை எடுங்கள். அழைப்பிதழில் காலை ஒன்பது மணி. பிள்ளைகளை எட்டு மணிக்கே சீருடையோடு இரண்டு பக்கமும் நிறுத்திவிடுவோம். பிரதம அதிதி பத்தரைக்கு வருவார், வந்தவுடன் அவசரமாகப் போக வேண்டும் என்பார். எந்த விழா, எந்த அதிதி என்பது முக்கியமில்லை, எல்லா ஊரிலும் இதே கதைதான். முன்னூறு பிள்ளைகள் ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தால் 450 மணித்தியாலம். ஒரு பாடசாலை நாள் ஆறு மணித்தியாலம் என்று வைத்தால் ஒரு பிள்ளையின் 75 பாடசாலை நாட்கள். ஒரு தவணைக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். வெயிலில் நின்ற களைப்பு வேறு. அதிதி இல்லாமலே ஒன்பதுக்குக் கிராஅத்தோடு தொடங்கிவிட்டால் என்ன நடக்கும்? அடுத்த முறை அவர் 8.55க்கு வருவார்.

கல்யாண வீடுகளும் அப்படித்தான். இரவு ஏழு மணி என்று வலீமா அழைப்பில் இருக்கும். ஏழுக்குப் போனவன் ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி வெறும் கதிரைகளுக்கு நடுவில் இருப்பான். ஒன்பதுக்குச் சஹன் வரும். சாதாரண தரம், உயர் தரம் எழுதும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போயிருப்போம், "போகாட்டி மாமி குறை நினைப்பா" என்று. மாமி குறை நினைக்காமல் இருக்க ஒரு வழிதான் உண்டு, எல்லோரும் சேர்ந்து ஒரு வழக்கத்தை உண்டாக்குவது. பரீட்சை எழுதும் பிள்ளை இராக் கல்யாணத்துக்கு வராவிட்டால் அது மரியாதைக் குறைவு அல்ல என்று பெரியவர்கள் வாயால் சொல்ல வேண்டும். அந்த வார்த்தை மாமிமாரிடம் இருந்தே வந்தால் இன்னும் நல்லது.

"நம்மட சனத்துக்கு நேரம் எண்டா என்னெண்டு தெரியாது" என்று சந்தியில் சொல்வார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை. நோன்பு மாதத்தில் பாருங்கள். இஃப்தாருக்கு ஐந்து நிமிடம் முன்னால் வீதியில் ஆளில்லை. சின்னப் பிள்ளை முதல் மூத்தம்மா வரை பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி இருக்கிறார்கள். ஒரு நிமிடம் முந்தவும் மாட்டார்கள், பிந்தவும் மாட்டார்கள். ஜமாஅத்துக்கு இகாமத் சொல்லும்போது ஸஃப்பில் நிற்கிறவர்கள் இதே சனம்தான். நிமிடக் கணக்கில் வாழத் தெரிந்த சமூகம் இது. பாங்கு சொல்லாத காரியங்களில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம். குர்ஆனில் 103ஆவது ஸூரா காலத்தின் மேல் சத்தியம் செய்து தொடங்குகிறது. மூன்றே ஆயத்துத்தான், சின்னது என்பதற்காகவே அவசரமாக ஓதிவிட்டுப் போகிறோம்.

விருந்தாளிகளைப் பற்றி மேலே சொன்னதற்குச் சிலர் கோபப்படலாம், வீட்டுக்கு வருகிறவர்களை வரவேண்டாம் என்று சொல்வதா என்று. பக்தாதில் வாழ்ந்து 1201இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸிக்கும் இதே சிக்கல் இருந்தது. வேலையில்லாமல் பேச வருகிறவர்களை விரட்டினால் உறவு அறுந்துவிடும், எல்லோரோடும் இருந்து பேசினால் நேரம் போய்விடும். அவர் என்ன செய்தார் என்பதைத் தன்னுடைய 'ஸைதுல் காத்திர்' என்ற நூலில் எழுதியிருக்கிறார். கடதாசி வெட்டுவது, பேனா சீவுவது, ஏடுகளைக் கட்டுவது போன்ற யோசனை தேவைப்படாத வேலைகளை ஒதுக்கி வைத்துக்கொள்வாராம். ஆட்கள் வந்தால் பேசிக்கொண்டே அந்த வேலைகளைச் செய்வார். எழுதுவதற்கு நல்ல மனம் வேண்டும், கடதாசி வெட்ட வேண்டியதில்லை. எண்ணூறு வருடத்துக்கு மேலாகியும் இதைவிடப் புத்தியான யோசனை நமக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைக்கும் இதையே சொல்லலாம். கொப்பிக்கு உறை போடுவது, கோடு அடிப்பது, வரைபடத்துக்கு நிறம் தீட்டுவது, புத்தகப் பையை அடுக்குவது எல்லாம் சாச்சி வந்து பேசிக்கொண்டிருக்கும் நேரத்து வேலைகள். கேத்திரகணிதம் வீடு அமைதியாக இருக்கும் நேரத்து வேலை. நம் பிள்ளைகள் பல நேரம் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அமைதியான முதல் அரை மணித்தியாலத்தை மூன்று நிறப் பேனையில் தலைப்பு எழுதுவதில் முடித்துவிடுகிறார்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பெற்றோருக்கு நாங்கள் சொல்வது சின்னக் காரியம். முழு மூன்று மணித்தியாலத்தையும் ஒரே நாளில் காப்பாற்ற நினைக்காதீர்கள். முதலில் நாற்பது நிமிடம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அது தாராளமாக அடங்கும். அந்த நாற்பது நிமிடம் வீட்டில் யாரும் பிள்ளையைக் கூப்பிடுவதில்லை, பாணுக்கும் இல்லை, ரீலோடுக்கும் இல்லை. பாணை அஸருக்குப் பிறகே வாங்கி வைத்துவிடலாம். நாற்பதும் முடியாத பிள்ளைக்கு இருபத்தைந்து. இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ சிரிலோ 1980களின் கடைசியில் மாணவராக இருக்கும்போது சமையலறை மணிக்கூடு ஒன்றை வைத்து இருபத்தைந்து நிமிடம் படித்து ஐந்து நிமிடம் ஓய்வெடுத்ததில் இருந்துதான் இன்று உலகம் முழுக்கப் பேசும் முறை வந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் போனைத் தொட்டால் எல்லாம் பாழ். எழும்பி நடக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும். ஒரு மாதம் போனால் இஷாவுக்குப் பிறகு இன்னொரு நாற்பதைச் சேர்க்கலாம்.

இதை உம்மாவின் தலையில் இன்னொரு சுமையாக வைத்துவிடக் கூடாது. வீட்டில் முதலில் எழும்புவதும் கடைசியில் படுப்பதும் அவர்தான். அவருடைய நேரத்தை யாரும் கணக்கெடுப்பதில்லை. பிள்ளை கடைக்குப் போகாவிட்டால் உம்மா போக வேண்டும் என்று முடிந்தால் நாங்கள் எழுதியதில் அர்த்தமில்லை. ஊரில் இருக்கும் வாப்பாமார், காக்காமார் சந்தியில் இருந்து எழும்பும்போது பாணோடு வீட்டுக்கு வரலாம்.

கடைசியாக, நல்லெண்ணம் மட்டும் போதாத வீடுகள் நமதூரில் நிறைய இருக்கின்றன. இரண்டு அறையில் ஏழு பேர் இருக்கும் வீட்டில், அடுப்படிக்குப் பக்கத்தில் தொட்டில் ஆடும் வீட்டில், அமைதி எங்கே இருந்து வரும்? அந்தப் பிள்ளைக்கு இரவில் போய் இருக்க ஓரிடம் வேண்டும். நூலகம் இருக்கிறது, ஆனால் பிள்ளைக்குத் தேவைப்படும் நேரத்தில் அது பூட்டிக் கிடக்கிறது. பள்ளிவாசல்களில் மத்ரஸா மண்டபங்கள் மஃரிபுக்குப் பிறகு வெறுமையாக இருக்கின்றன. மேசை, கதிரை, மின்விசிறி எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு மஹல்லாவிலும் அப்படி ஒரு மண்டபத்தை மஃரிபில் இருந்து 9.30 வரை தரம் 11 பிள்ளைகளுக்குத் திறந்து வைக்கலாம். ஆண் பிள்ளைகளுக்கு ஓரிடம், பெண் பிள்ளைகளுக்கு வீட்டுக்குக் கிட்ட வேறோர் இடம், கூட்டிப் போய்க் கூட்டி வர ஆள் உள்ள மாதிரி. பாடம் நடத்தத் தேவையில்லை, மைக் தேவையில்லை, வைஃபை அறவே வேண்டாம். வாசலில் ஒரு பெட்டி, உள்ளே போகும்போது போன் அதற்குள். ஒரு பெரியவர் பத்திரிகையோடு மூலையில் இருந்தால் போதும்.

மின்சாரக் கட்டணத்துக்குத் தனவந்தர்களைக் கேட்கலாம், கண்காணிக்க வாரத்தில் ஒரு நாள் என்று ஆசிரியர்கள் முறை வைத்து வருவோம். பள்ளிவாசல் நிர்வாகங்களில் இருப்பவர்கள் இந்தப் பதிவைப் பார்த்தால் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். மண்டபம் தர முடியுமா, எத்தனை பிள்ளைகள் இருக்கலாம், திறப்பு யாரிடம் இருக்கும் என்ற மூன்றையும் மட்டும் சொல்லுங்கள். மேசைகளைத் துடைப்பதற்கு இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகே நாங்கள் வரத் தயார்.